ஒடுக்கு

இரவல் கொடுத்த பொருள் கொடுத்த மாதிரியே திரும்பி வருவது அபூர்வம். வின்ஸ்டன் சைமன் என்ற பையனுக்கும் அப்படித்தான் ஆயிற்று. கரீபியன் கடலில் டிரினிடாட் தீவு. அதன் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின். நகரத்தின் கிழக்கு ஓரத்தில் ஜான் ஜான் என்றொரு ஏழைக் குடியிருப்பு. சைமனிடம் ஒரு தகர டிரம் இருந்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டு தெரு ஊர்வலங்களில் தட்டுவான். ஒருநாள் அதை வாங்கிப்போன சிநேகிதன் கை கனத்த ஆள். அவன் சாத்திய சாத்தில் முகம் முழுக்க ஒடுக்கு விழுந்து டிரம் வீடு திரும்பியது. சைமன் அதைக் கவிழ்த்துப் போட்டு, உள்பக்கமிருந்து தட்டித் தட்டி ஒடுக்கு எடுத்தான். எடுக்க எடுக்க, இங்கே தட்டினால் ஒரு ஒலி, நாலு விரல் தள்ளித் தட்டினால் இன்னொரு ஒலி. பையன் ஒடுக்கை மறந்துவிட்டு ஒலியைத் துரத்த ஆரம்பித்தான்.

ஸ்டீல்பான் பிறந்த கதையைக் கேட்டால் டிரினிடாட்டில் முதலில் சொல்வது இதைத்தான். பக்கத்தில் நிற்பவர் வேறு பேட்டைக்காரராக இருந்தால், “அதெல்லாம் சும்மா. உண்மையில் எங்கள் பக்கம்தான்...” என்று அங்கேயே தொடங்கிவிடுவார்.

பான் என்றால் நமக்கு வெற்றிலை ஞாபகம்தான் வரும். அங்கே அது ஒரு வாத்தியம். சாலை போடுகிற இடத்தில் தார் நிரம்பி நிற்குமே, கட்டட வேலை நடக்கிற இடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பார்களே, அந்தப் பேரல். அதன் அடித்தகட்டைச் சட்டி போலக் குழித்து, குழிவுக்குள் சின்னதும் பெரியதுமாகப் புடைப்புகள் எழுப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம் கூட்டி, நுனியில் ரப்பர் சுற்றிய இரண்டு குச்சிகளால் வாசிப்பார்கள். தோலும் இல்லை, தந்தியும் இல்லை, ஊதவும் வேண்டாம். கேட்டிராதவர்களுக்கு அந்த நாதத்தை எப்படிச் சொல்வது? ஜலதரங்கத்தில் கொஞ்சம் வெண்கலம் கலந்த மாதிரி. இருபதாம் நூற்றாண்டில் பிறந்த, மின்சாரம் வேண்டாத ஒரே பெரிய வாத்தியம் என்று அந்த ஊர்க்காரர்கள் மார்தட்டிக்கொள்வார்கள். ‘ஒரே’ என்பது கொஞ்சம் கூடுதல். ஆனால் பதினான்கு லட்சம் பேர் வாழும் ஒரு நாடு அந்த அளவுக்குப் பெருமை அடித்துக்கொள்ளலாம்.

கதை உண்மையில் தொடங்குவது சைமனுக்கு நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால். 1783இல் டிரினிடாட் ஸ்பெயினின் கையில் இருந்தது. ஆள் குறைந்த தீவு. கத்தோலிக்கராக இருந்தால் போதும், வந்து நிலம் எடுத்துக்கொள்ளலாம் என்று மன்னர் அறிவிக்க, பக்கத்துத் தீவுகளிலிருந்து பிரெஞ்சுப் பண்ணையார்கள் தங்கள் அடிமைகளோடு வந்து குவிந்தார்கள். 1797இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தார்கள். சட்டம் ஆங்கிலத்தில், பேச்சு பிரெஞ்சில், ஊர்ப்பெயர் ஸ்பானிஷில், உழைப்பு ஆப்பிரிக்கர்களுடையது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் எல்லாவற்றையும் அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதால், அதற்கு முன்பாக ஆடித் தீர்த்துவிடுவது கார்னிவல். பண்ணையார் வீட்டில் முகமூடி நடனம். அடிமைகள் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

அடிமைகளுக்குத் தெரிந்த ஊர்வலம் வேறு. கரும்புக் காட்டில் தீப்பிடித்தால் நள்ளிரவானாலும் சங்கு ஊதி அவர்களைத் திரட்டுவார்கள். தீவட்டியும் கையுமாக, மேளம் கொட்டிக்கொண்டு, சாட்டையடி வாங்கிக்கொண்டு ஓடவேண்டும். எரியும் கரும்பு என்ற பிரெஞ்சுச் சொல் மருவி அதற்குக் கான்பூலே என்று பெயர். 1834இல் அடிமை முறை ஒழிந்து, 1838இல் முழு விடுதலை கிடைத்ததும், விடுதலை பெற்றவர்கள் அந்தக் கான்பூலேயையே கார்னிவலுக்குள் கொண்டுவந்தார்கள். பண்ணையார்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த திருவிழாவுக்குள் தீவட்டி, மேளம், சிலம்பம் போன்ற தடிச்சண்டை எல்லாம் நுழைந்தன. பெரிய வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அடுத்த ஐம்பது வருஷம் போலீசுக்கும் மேளத்துக்கும் இடையிலான தகராறு. 1881 கார்னிவலில் கேப்டன் பேக்கர் என்ற போலீஸ் அதிகாரி தீவட்டிகளை அணைக்கப் படையோடு வந்தார். தடிச்சண்டைக்காரர்கள் விடவில்லை. போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருவில் கைகலப்பாகி, மறுநாள் கவர்னர் போலீசைப் பாசறைக்குள்ளேயே இருக்கச் சொல்லிச் சமாதானம் செய்யவேண்டியதாயிற்று. அரசாங்கம் மறக்கவில்லை. 1884இல் சட்டம் போட்டு மேளம் கொட்டுவதையும் தீவட்டி பிடிப்பதையும் தடியோடு கூட்டம் கூடுவதையும் அடக்கினார்கள்.

அதே 1884இல் இன்னொரு மேளத்தின் மீதும் கை விழுந்தது. 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கப்பலில் ஏற்றிவந்தார்கள். பெரும்பாலானவை கல்கத்தாக் கப்பல்கள். சென்னையிலிருந்து போனவையும் உண்டு, அவற்றில் வந்தவர்களுக்கு அங்கே மதராசி என்று பெயர். முஹர்ரம் ஊர்வலத்தை இந்தியத் தொழிலாளர்கள் ஹோசே என்ற பெயரில் நடத்தினார்கள். தாஜியா எனப்படும் கல்லறை மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு, தாசா மேளம் முழங்க, இந்துக்களும் சேர்ந்தே போவார்கள். ஊர்வலம் நகரத்துக்குள் வரக்கூடாது என்று உத்தரவு. 1884 அக்டோபர் 30 அன்று சான் பெர்னாண்டோ நகர வாசலில் போலீஸ் சுட்டது. பதினாறு பேராவது செத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம். இந்தச் சாவுக்கும் ஸ்டீல்பானுக்கும் நேர் கோடு போடுவது சரியாக இருக்காது. ஆனால் மேளச் சத்தம் கேட்டாலே ஆட்சியாளர்களுக்கு எவ்வளவு உதறல் எடுத்தது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த வருஷத்தை இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும்.

தோலைத் தட்டக்கூடாதா, சரி, மூங்கிலைத் தட்டுகிறோம் என்றார்கள் கார்னிவல்காரர்கள். காட்டில் போய் நல்ல நாள் பார்த்து மூங்கில் வெட்டி, காயவைத்து, கணுவை உள்ளே குடைந்து எடுத்து, ஆளுயரத்துக்குச் சற்றே குறைந்த குழாய். அதைத் தரையில் இடித்தால் ‘பூம்’ என்று ஒரு அடிநாதம். பெயரும் அதுதான், பூம். ஒரு முழத் துண்டுகள் இரண்டை ஒன்றோடொன்று முட்டினால் நடுச் சத்தம். தோளில் சாய்த்துக் குச்சியால் தட்டும் மெல்லிய மூங்கில், தாளத்தை வெட்டி வெட்டிப் போகும், அதற்குக் கட்டர். கூடவே தண்ணீர் அளவு மாற்றிய புட்டியும் கரண்டியும். இந்தக் கூட்டத்துக்கு டாம்பூ பாம்பூ என்று பெயர். டாம்பூ என்பது பிரெஞ்சில் மேளத்தைக் குறிக்கும் சொல்லின் சிதைவு. மேளத்தைத் தடுத்த சட்டத்துக்கு முன்னால் மேளம் என்ற பெயரை வைத்துக்கொண்டே மூங்கில் நடந்துபோனது. யோசித்து வைத்த பெயரா, தானாக வந்ததா என்பதை விடுங்கள், எனக்கு அந்தத் துணிச்சல் பிடித்திருக்கிறது.

மூங்கிலுக்கு ஒரு கோளாறு உண்டு. கல் பாவிய தெருவில் விடிய விடிய இடித்தால் பிளந்துவிடும். ஊர்வலத்தின் நடுவில் கையிலிருந்த மூங்கில் சிம்புசிம்பாகப் போனவன் என்ன செய்வான்? ஓரத்தில் கிடந்த குப்பைத்தொட்டி மூடியை எடுத்துத் தட்டுவான். பிஸ்கட் டின், பெயின்ட் டின், சோடா உப்பு வந்த டிரம், கெட்டுப்போன காரின் பிரேக் டிரம். 1930களில் மூங்கிலுக்கு நடுவே இப்படி ஒவ்வொரு தகரமாக நுழைந்தது. சத்தமும் அதிகம், உடைவதும் இல்லை. அந்தப் பத்தாண்டின் கடைசியில் நியூடவுன் பேட்டையைச் சேர்ந்த அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட் என்ற குழு மூங்கிலே இல்லாமல் முழுக்க உலோகத்தோடு கார்னிவலுக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். அதற்கும் போட்டி உண்டு. கோன்சாலஸ் பேட்டைக்காரர்களிடம் இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் திரும்பமுடியாது.

பிறகு யுத்தம். 1942 முதல் 1945 வரை கார்னிவலுக்குத் தடை. தெருவில் இடமில்லாததால் பையன்கள் கொல்லைப்புறங்களிலும் வறண்ட ஆற்றுப் படுகையிலும் உட்கார்ந்து தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். போலீஸ் வந்தால் ஓட்டம், போனதும் மறுபடி தட்டல். ஒரு வேலையும் இல்லாத பையன்களுக்கு நான்கு வருஷ அவகாசம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஒரு சாட்சி. சத்தத்துக்காகத் தட்டிய தகரத்தில், சத்தத்துக்குள் சுரம் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தது இந்த வருஷங்களில்தான். முதலில் இரண்டு, பிறகு மூன்று நான்கு சுரம். டிரினிடாட் எண்ணெய் எடுக்கிற பூமி. போதாததற்கு யுத்தத்துக்காக அமெரிக்கர்கள் சாகுவராமாஸில் கடற்படைத் தளம் கட்டினார்கள். காலிப் பேரலுக்குப் பஞ்சமே இல்லை.

1945 மே மாதம் ஐரோப்பாவில் யுத்தம் முடிந்த செய்தி வந்ததும், தடையாவது ஒன்றாவது, போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருக்கள் தகர ஒலியால் நிரம்பின. அடுத்த வருஷம் கார்னிவல் முறைப்படி திரும்பியது. 1946 மார்ச். நம் வின்ஸ்டன் சைமன், ஸ்ப்ரீ என்பது அவருடைய செல்லப்பெயர், பிங் பாங் என்று அப்போது அழைக்கப்பட்ட சின்னப் பானோடு நின்றார். கவர்னர் பீட் கிளிஃபோர்டும் கேட்டுக்கொண்டிருந்த அந்த வாசிப்பில் ஒரு மாதா பாட்டு, லார்ட் கிச்சனர் என்ற பாடகரின் ஒரு கலிப்சோ (அந்த ஊர்க் கார்னிவல் பாட்டு), கடைசியில் பிரிட்டிஷ் மன்னருக்கான தேசிய கீதம். ‘காட் சேவ் தி கிங்’ தகரத்தில் வந்தபோது கவர்னர் எப்படி நின்றிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். கேலியா மரியாதையா என்று தீர்மானிப்பதற்குள் பாட்டு முடிந்திருக்கும்.

அப்படியானால் ஸ்ப்ரீதான் கண்டுபிடித்தாரா? 1975இல் கிச்சனர் அவருக்குப் புகழ்மாலையாக ஒரு கலிப்சோ பாட, அந்த வருஷத்துக் கார்னிவலின் தெருப்பாட்டே அதுவாகிவிட்டது. பாட்டில் ஏறியவருக்கு வரலாற்றில் பாதி இடம் உறுதி. ஆனால் நகரத்தின் மேற்கே வுட்புரூக்கில் எலியட் மானெட் என்ற எல்லி மானெட் இருந்தார். 1927இல் பிறந்தவர், இரும்புப் பட்டறை வேலை தெரிந்தவர். அதுவரை பானின் முகம் வெளிப்பக்கம் புடைத்திருந்தது. அதை உள்ளே குழித்தவர் அவர் என்பதைப் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். குழித்தால் பரப்பு கூடும், பரப்பு கூடினால் சுரம் கூடும். பெரிய எண்ணெய் பேரலை எடுத்தவரும் அவரே. வெறும் குச்சியால் தட்டினால் தகரம் கிறீச்சிடுகிறது என்று சைக்கிள் டியூபை வெட்டிக் குச்சி நுனியில் சுற்றியதும் அவர் பேரில்தான் இருக்கிறது. நகர நடுவில் ஹெல் யார்டு, அதாவது நரக முற்றம். அங்கே நெவில் ஜூல்ஸ். ஆல் ஸ்டார்ஸ் குழுவின் தலைவர். எல்லாரும் உச்சஸ்தாயியைத் துரத்தியபோது கீழ்ஸ்தாயிப் பான்களை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தவர்.

இவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஒருவரையும் தேர்ந்தெடுக்கமாட்டேன். பானைக் கண்டுபிடித்தது பேட்டைச் சண்டை. ஜான் ஜானில் ஐந்து சுரம் என்று கேள்விப்பட்டால் வுட்புரூக்கில் ஏழு வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் கார்னிவல் அன்று தலைநிமிர்ந்து தெருவில் போகமுடியாது.

இதை உவமையாகச் சொல்லவில்லை. அவை நிஜமாகவே சண்டைகள். குழுக்கள் யுத்தப் படங்களைப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டன: இன்வேடர்ஸ், டோக்கியோ, காசாபிளாங்கா, டெஸ்பெராடோஸ், ரெட் ஆர்மி. இரண்டு குழு எதிரெதிரே ஒரு தெருவில் வந்துவிட்டால் கத்தி, புட்டி, கல். எதிரியின் பானை உடைப்பது வெற்றி. தூக்கிக்கொண்டு போவது பெரிய வெற்றி. 1950 கார்னிவலில் இன்வேடர்ஸும் டோக்கியோவும் மோதியது கலிப்சோவாகப் பாடப்படும் அளவுக்குப் பெரிய கலவரம். பான்காரன் என்றால் ரவுடி என்று அர்த்தம். பெண் கொடுக்கமாட்டார்கள், வீட்டுப் பையன் பான் முற்றத்துப் பக்கம் ஒதுங்கினால் முதுகு பழுக்கும். 1950களின் தொடக்கத்தில் ஹேசல் ஹென்லி என்ற பெண்மணி, கேர்ள் பாட் என்று முழுக்கப் பெண்களே கொண்ட குழு ஒன்றைத் தொடங்கினார். இந்தச் சூழ்நிலையை மனதில் வைத்தால்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

சண்டை கத்தியிலிருந்து காதுக்கு மாறிய விதம் அழகு. கார்னிவல் திங்கள்கிழமை விடியுமுன் தொடங்கும் தெருக்கூத்துக்கு ஜூவே என்று பெயர். 1950களின் பிற்பகுதியில் அந்த விடியலில் குழுக்கள் ‘பாம்’ போட ஆரம்பித்தன. ஐரோப்பியச் செவ்வியல் உருப்படி ஒன்றை எடுத்து, கலிப்சோ நடைக்கு மாற்றி, எதிராளி எதிர்பாராத நேரத்தில் தெருவில் வாசிப்பது. எந்த உருப்படி என்று முன்னாலேயே தெரிந்துவிட்டால் குண்டு புஸ்வாணம். அதனால் ஆல் ஸ்டார்ஸ் குழு இரவில் ஒத்திகை பார்த்தபோது குச்சியைக் கீழே வைத்துவிட்டு வெறும் விரல்நுனியால் வாசித்தார்கள். கிசுகிசு அளவுக்குத்தான் ஒலி. பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது. பத்து வருஷத்துக்கு முன் எதிரியின் பானை உடைத்த கைகள், வாரக்கணக்கில் விரலால் தடவித் தடவி பீத்தோவனைப் பழகியிருக்கின்றன.

ஒரு பானைச் செய்வதைக் கொஞ்சம் கிட்டேபோய்ப் பார்ப்போம். 55 காலன் பேரல், குறுக்களவு கிட்டத்தட்ட ஒன்றேகால் முழம், தகடு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கவிழ்த்துவைத்து அடித்தகட்டைக் கனத்த சுத்தியலால் நடுவிலிருந்து வெளியே, வெளியேயிருந்து நடுவுக்கு என்று சுற்றிச் சுற்றி அடிக்கவேண்டும். உச்சஸ்தாயிப் பானுக்கு எட்டு அங்குலம் வரை குழிவு இறங்கும். ஓர் இடத்தில் கூடுதலாக ஒரு அடி விழுந்தால் தகடு கிழிந்துபோகும், அன்றைய உழைப்பு குப்பைக்கு. குழிந்தபின் சுரங்களின் எல்லையைக் கோடு போட்டு, மழுங்கிய ஆணியால் அந்தக் கோட்டின் மேல் புள்ளி புள்ளியாகக் குத்துவார்கள். ஒரு சுரம் அடுத்த சுரத்துக்குள் கசியாமல் இருக்க அதுதான் வரப்பு. பிறகு பேரலின் பக்கவாட்டைத் தேவையான உயரத்துக்கு வெட்டுவது. உச்சஸ்தாயிக்கு ஒரு சாண்கூட இருக்காது. அடிஸ்தாயிக்கு முழுப் பேரலும் வேண்டும். அடுத்து நெருப்பு. கவிழ்த்துச் சுட்டு ஆறவிட்டால் தகடு இறுகும். ஒரு காலத்தில் பழைய டயர்தான் விறகு. பான் செய்கிற தெருவை மூக்கால் கண்டுபிடிக்கலாம்.

இதுவரை நடந்தது கொல்லன் வேலை. இனிமேல்தான் காதுக்கு வேலை. கீழிருந்து தட்டினால் சுரம் ஏறும், மேலிருந்து தட்டினால் இறங்கும் என்று சொன்னால் எளிதாகத் தெரியும். ஒரு சுரத்தைச் சரிசெய்தால் பக்கத்துச் சுரம் நகர்ந்துவிடும். அதைப் பிடித்தால் இது போய்விடும். நீளம் போதாத போர்வையின் கதை. அதற்கும் மேலே, புடைப்பின் அடிச்சுரத்தை மட்டும் கூட்டினால் போதாது. அதே புடைப்பின் நீளவாக்கில் மேல் ஸ்தாயி ஸட்ஜமமும், குறுக்குவாக்கில் அதற்கும் மேலுள்ள பஞ்சமமும் கூடவே ஒலிக்கும்படி தகட்டை இழுக்கவேண்டும். லாவன்டில் மலைக்குன்றில் ஹைலாண்டர்ஸ் குழுவை நடத்திய பெர்ட்டி மார்ஷல் இந்த உள்நாதத்தைத் தேடிப் பிடித்தவர். வெயில் பட்டால் பானின் சுருதி மாறுகிறது என்று கண்டு, தெருவில் தள்ளிக்கொண்டு போகும் பான்களுக்கு மேலே பந்தல் போட்டதும் அவர்தான்.

சுரங்களை எந்த வரிசையில் வைப்பது என்பது நெடுநாள் வழக்கு. ஒவ்வொருவரும் இடம் கிடைத்த பக்கம் வைத்தார்கள். ஒருவர் பானை இன்னொருவர் வாசிக்கமுடியாது. 1950களில் ஆன்டனி வில்லியம்ஸ் என்ற பான்காரர் சிலந்திவலை போல ஒன்று வரைந்தார். எந்தச் சுரத்தை எடுத்தாலும் ஒரு பக்கம் அதன் பஞ்சமம், மறுபக்கம் அதன் மத்யமம். பக்கத்துச் சுரம் அதிர்ந்தாலும் அது உறவுச் சுரம்தானே, அபஸ்வரமாகக் கேட்காது. வெளிவட்டத்தில் பன்னிரண்டு, அதற்குள் அதே பன்னிரண்டும் மேல் ஸ்தாயியில், நடுவில் இன்னும் சில. இன்று பெரும்பாலான உச்சஸ்தாயிப் பான்கள் அவர் போட்ட கோலம்தான்.

வெளியுலகம் கேட்டது 1951இல். லண்டனில் பெரிய பிரிட்டன் விழா. பகை பாராட்டிக்கொண்டிருந்த குழுக்களிலிருந்து ஆளுக்கு ஒருவரைப் பொறுக்கி டாஸ்போ என்ற ஒரே குழுவாகச் சேர்த்தார்கள். ஸ்ப்ரீ சைமனும் எல்லி மானெட்டும் ஆன்டனி வில்லியம்ஸும் ஒரே வரிசையில். போலீஸ் பேண்டு நடத்தி அனுபவப்பட்ட ஜோசப் கிரிஃபித் பொறுப்பு. பான்காரர்களை அடித்துத் துரத்துவதே போலீஸ் வேலையாக இருந்த ஊரில், சீருடை வாத்தியக்காரர் ஒருவர் அவர்களுக்கு ஆசிரியரானார். பன்னிரண்டு சுரமும் இல்லாத பானை ஏற்கமாட்டேன் என்று அவர் பிடித்த பிடியில்தான் பல பேரல்களைச் சேர்த்து ஒருவரே வாசிக்கும் அடிஸ்தாயிப் பான் உருவானது. கப்பல் பயணத்தின் உப்புக்காற்றில் பான்களெல்லாம் துருப்பிடித்தன. ஜூலை 26 அன்று தேம்ஸ் நதிக்கரையில் அவர்கள் துருவேறிய பேரல்களோடு வந்து நின்றபோது கூட்டம் சிரித்தது. வாசிக்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது.

டாஸ்போவில் வந்த ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் ஊர் திரும்பாமல் லண்டனிலேயே தங்கிவிட்டார். 1966இல் நாட்டிங்ஹில் பகுதியில் ரோன் லாஸ்லெட் என்ற சமூக சேவகி பிள்ளைகளுக்காக ஒரு தெருவிழா நடத்தி, ரஸ்ஸல் ஹென்டர்சனின் பான் குழுவைக் கூப்பிட்டார். பெட்டன்கோர்ட்டும் அதில் உண்டு. நின்ற இடத்தில் வாசித்தால் கூட்டம் அசையவில்லை என்று ஹென்டர்சன் பானைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். பிள்ளைகள் பின்னால் போனார்கள், பிறகு பெரியவர்கள். எந்த வழியில் போவது என்று ஒரு திட்டமும் கிடையாது. ஐரோப்பாவின் மிகப்பெரிய தெருவிழாக்களில் ஒன்று இப்படி நடக்க ஆரம்பித்தது.

டிரினிடாட் 1962 ஆகஸ்ட் 31 அன்று சுதந்திரம் பெற்றது. அடுத்த கார்னிவலிலேயே பான் குழுக்களுக்குப் பனோரமா என்றொரு போட்டி. முதல் பரிசு ஆன்டனி வில்லியம்ஸின் நார்த் ஸ்டார்ஸுக்கு, 1964இலும் அவர்களுக்கே. எண்ணெய் கம்பெனி, விமானக் கம்பெனி, சிகரெட் கம்பெனி என்று ஆளாளுக்கு ஒரு குழுவைத் தத்தெடுக்க, பான்களுக்குக் குரோமியப் பூச்சும் பான்காரர்களுக்கு ஒரே நிறச் சட்டையும் வந்தன. சண்டை தெருவிலிருந்து குவீன்ஸ் பார்க் சவானா மைதானத்து மேடைக்கு ஏறியது. நூறு பேருக்கு மேல் ஒரே குழுவாக நின்று, எட்டு பத்து நிமிஷத்துக்குள் ஒரு கலிப்சோவை எடுத்துப் பிரித்து மேய்ந்துவிட்டுக் கட்டிமுடிக்கவேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இசைக் குறியீடு வாசிக்கத் தெரியாது. அமைப்பாளர் வாசித்துக் காட்ட, வரிசை வரிசையாகக் கேட்டுப் பிடித்து, கை பழகும்வரை இரவெல்லாம் அடித்துப் பாடமாக்குவதுதான். நடுவில் பிரேக் டிரம்மைக் கம்பியால் அடிக்கும் தாளக்காரர்கள். அந்த இடத்துக்கு என்ஜின் ரூம் என்று பெயர். 1930களில் ஓரத்தில் பொறுக்கிய அதே பிரேக் டிரம், இன்னும் மாறவில்லை.

இங்கேதான் ஜித் சமரூவைச் சொல்லவேண்டும். 1950இல் லோப்பினோ மலைக்கிராமத்தில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். சகோதர சகோதரிகளையே சேர்த்துக் குடும்பக் குழு நடத்தியவர், அதிர்ந்து பேசாதவர். ரெனகேட்ஸ் என்பதோ போர்ட் ஆஃப் ஸ்பெயினின் முரட்டுக் குழுக்களில் ஒன்று, கறுப்பினத்தவரின் கோட்டை. அதற்கு உருப்படி அமைக்க இவர் போய் எப்படித் தாக்குப்பிடிப்பார் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். 1982க்கும் 1997க்கும் இடையில் ஒன்பது முறை ரெனகேட்ஸ் பனோரமா வென்றது, கடைசி மூன்றும் தொடர்ச்சியாக. அவர் அமைத்த உருப்படிகளில் சுரங்கள் மழை மாதிரிக் கொட்டும். நூறு பேரும் ஒருவர் பின்வாங்காமல் அந்த வேகத்தில் ஓடவேண்டும். தேர்தல் என்று வந்தால் இனம் பார்த்து இரண்டாகப் பிரிந்து நிற்கிற நாட்டில், சமரூ வந்தால் ரெனகேட்ஸின் இருப்பிடமான சார்லட் தெருவில் எழுந்து நின்றார்கள்.

புகழ் வந்தால் உரிமைத் தகராறும் வரும். 2001இல் அமெரிக்கர்கள் இருவர், நீரழுத்தத்தால் பான் தகட்டைக் குழிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். முறைக்குத்தான், பானுக்கு அல்ல. ஆனாலும் டிரினிடாட்டில் கொதித்துப்போனார்கள். ஐம்பது வருஷம் ஒருவருக்கொருவர் ‘நான்தான்’ என்று மல்லுக்கு நின்றவர்கள், ஆதாரத்தை எழுதி வைக்க மறந்துபோனதை அன்றைக்குத்தான் உணர்ந்தார்கள்.

அதற்குச் சற்று முன்னால், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், நெடுநாள் ஸ்டீல்பான் செய்துவந்த ஒரு பட்டறைக்கு ரெட்டோ வெபர் என்ற தாளக் கலைஞர் வந்தார். கையில் கடம் வாசிப்பவர். இதே மாதிரி மடியில் வைத்து விரலால் தட்டுகிற பானை வேண்டும், ஆனால் இரும்பில், நாலைந்து சுரங்களோடு என்று கேட்டார். பட்டறைக்காரர்கள் இரண்டு குழிந்த தகடுகளை எதிரெதிரே கவிழ்த்து ஒட்டி, ‘ஹாங்’ என்ற வாத்தியத்தைச் செய்தார்கள். இன்று ஊர் ஊராகப் பூங்காக்களில் உட்கார்ந்து இளைஞர்கள் வாசிக்கிற ஹேண்ட்பான்களுக்கெல்லாம் அதுதான் மூத்தது. பேரலும் கடமும் சம்பந்தி ஆன கதை என்று வைத்துக்கொள்ளலாம்.

1992இல் ஸ்டீல்பான் டிரினிடாட் டொபேகோவின் தேசிய வாத்தியம் என்று அறிவிக்கப்பட்டது. 2023இல் ஐ.நா. பொதுச்சபை ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல்பான் தினம் ஆக்கியது. இதைவிட எனக்குச் சுவையாகப் படுவது அடுத்த வருஷம் நடந்தது. அந்நாட்டு அரசுச் சின்னத்தில் 1962 முதல் கொலம்பஸின் மூன்று கப்பல்கள் பாய் விரித்து நின்றுகொண்டிருந்தன. கப்பல்களை எடுத்துவிட்டு ஸ்டீல்பானை வைக்கப்போகிறோம் என்று 2024 ஆகஸ்டில் பிரதமர் கீத் ரௌலி அறிவித்தார். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் அதற்கு வழி செய்தது.

ஸ்ப்ரீ 1976இல் காலமானார். எல்லி மானெட் அறுபதுகளில் அமெரிக்கா போய், கடைசிவரை அங்கேயே பான் செய்து, பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்து, 2018இல் மறைந்தார். பேட்டைச் சண்டை மட்டும் ஒவ்வொரு கார்னிவலுக்கும் புதிதாகப் பிறக்கிறது. போட்டி நாளன்று பான்களைச் சக்கரம் வைத்த சட்டங்களில் ஏற்றி, ஊரே சேர்ந்து மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு வரும். ரோட்டில் ஒரு பள்ளம் போதும், ஏதாவதொரு சுரம் நகர்ந்துவிடும். மேடைக்கு ஏறும் பாதையில் குழு காத்து நிற்கும்போது, சுருதி கூட்டுபவர் சின்னச் சுத்தியலோடு உள்ளே நுழைவார். சந்தேகப்பட்ட பானுக்கு மேல் குனிந்து, காதை வைத்து, ரப்பர் குச்சியால் ஒரு தட்டு. முகம் சுளிப்பார். கையைத் தகட்டுக்கு அடியில் விட்டு, கீழிருந்து மெல்ல ஒரு அடி. மறுபடி குச்சி. சுற்றிலும் நூறு பேர் மூச்சுவிடாமல் நிற்பார்கள். தலையை அசைத்துவிட்டு அடுத்த பானுக்கு நகர்வார்.